தீக்குச்சி இல்லாத மெழுகுவர்த்தி வகுப்பு

கிராஃப்ட் டீச்சராகப் புதிதாக வேலைக்கு வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் நம்மைக் கண்டு யாரும் பயப்படமாட்டார்கள். பாடம் முடியாத கணக்கு வாத்தியார் நம் பீரியடைத்தான் கேட்டு வாங்குவார். ஆண்டு விழா வந்தால் மட்டும் எல்லோருக்கும் நம் ஞாபகம் வரும், ஏனென்றால் தோரணம் கட்ட ஆள் வேண்டும். இதற்கெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் இந்த வேலையில் காலம் தள்ள முடியாது.

நான் சிதம்பரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்த்து 2012-ல் ஓய்வு பெற்றேன். காகிதப் பூ, ஒயர் கூடை, தையல் என்று பிள்ளைகளுக்கு எவ்வளவோ சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவற்றை எப்படிச் செய்வது என்று இங்கே எழுதப்போவதில்லை, அதற்குப் புத்தகங்கள் இருக்கின்றன. புத்தகத்தில் கிடைக்காத ஒரு காலைப்பொழுதைப் பற்றிச் சொல்கிறேன். பிள்ளைகள் செய்த மெழுகுவர்த்திகளைத் தூக்கிக்கொண்டு நாங்கள் கடலூருக்குப் போன கதை அது.

அதற்கு முன் எங்கள் தலைமையாசிரியையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல உயரம், கஞ்சி போட்ட பருத்திப் புடவை, மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும் குரல். எல்லோருக்கும் அவர் எச்.எம். மேடம். 2004-ல், எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்த் திரும்பும் தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம் தீப்பிடித்தது. அதைப் பற்றி நான் விவரிக்கமாட்டேன், உங்களுக்கே தெரியும். செய்தி வந்த மறுநாள் மேடம் ஆள் கூட்டிவந்து, சைக்கிள் நிறுத்தப் போட்டிருந்த கீற்றுக் கொட்டகையைப் பிரித்துப்போட வைத்தார். அன்றிலிருந்து எங்கள் பள்ளி வளாகத்தில் தீக்குச்சிக்கு இடமில்லை. சத்துணவுக் கூடம் மட்டும் மைதானத்துக்கு அந்தப் பக்கம், தனியாக இருந்தது. அங்கே பிள்ளைகள் எட்டிப் பார்க்கக்கூடக் கூடாது. சரஸ்வதி பூஜைக்குக் கற்பூரம் காட்டுவதும் வெட்டவெளியில்தான். ஸ்டாஃப் ரூமில் இதைச் சொல்லிச் சிரிப்போம். ஆனால் அவர் எதிரில் சிரிக்க ஒருவருக்கும் தைரியம் வந்ததில்லை.

சில வருஷங்கள் கழித்து மின்வெட்டு ஜாஸ்தியானது. வீட்டுக்கு வீடு டம்ளரைக் கவிழ்த்து அதன் மேல் மெழுகுவர்த்தியை ஒட்டி வைத்துக்கொண்டு பிள்ளைகள் படித்தார்கள். "டீச்சர், நாமளே கலர் கலரா மெழுகுவத்தி செய்யலாமா?" என்று ஏழாம் வகுப்பு நச்சரிக்க ஆரம்பித்தது. நான் மேடத்திடம் போய்க் கேட்டேன்.

"தீ இல்லாம செய்ய முடியும்னா தாராளமா செய்யுங்க" என்றார். முடியாது என்பதைத்தான் அவர் அப்படி மரியாதையாகச் சொன்னார்.

எனக்கு வீம்பு வந்துவிட்டது. வீட்டில் மெழுகுக் கட்டியை வைத்து என்னென்னமோ செய்து பார்த்தேன். கை பொறுக்கும் சூட்டில் இருக்கும் தண்ணீரில் போட்டு வைத்தால் மெழுகு கொழுக்கட்டை மாவு மாதிரி இளகியது. உருட்டலாம், தட்டலாம், பிசையலாம். சத்துணவுக் கூடத்திலிருந்து ஆயா வாளியில் வெந்நீர் கொண்டுவந்து கொடுப்பார். அது ஆறி இதமானதும் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து மெழுகைப் பிசைவார்கள். கிரையானைத் துருவிப் போட்டால் நிறம். வீட்டிலிருந்து கொழுக்கட்டை அச்சு வந்தது, முறுக்கு அச்சு வந்தது. மஞ்சள் மெழுகை அச்சில் போட்டுப் பிழிந்து ஒருவன் முறுக்கு மெழுகுவர்த்தி செய்தான். அதை ஸ்டாஃப் ரூம் மேஜையில் காய வைத்திருந்தேன். கணக்கு சார் வந்தார், உட்கார்ந்தார், ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டார். மென்றுகொண்டே, "மாவு சரியா வேகல போல இருக்குதே டீச்சர்" என்றார். அன்றைக்கு என் பீரியடை அவர் கேட்கவில்லை.

இப்படி ஒரு பருவம் முழுக்க மெழுகுவர்த்தி செய்தோம். ஒன்றைக்கூட ஏற்றிப் பார்க்கவில்லை. பள்ளியில் தீக்குச்சி கிடையாது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாலும், இவ்வளவு அழகான பொருளை எரிக்க யாருக்கும் மனசு வரவில்லை. எல்லாம் டி.வி. மேல் ஜோடியாக நின்றன.

கடலூரில் ஒரு பள்ளி மண்டபத்தில் மாணவர் கைவினைக் கண்காட்சி என்று அறிவிப்பு வந்தது. செய்தது முழுக்க மாணவர் கையாலேயே இருக்க வேண்டும், பெரியவர்கள் கைபட்டால் பரிசு கிடையாது என்பது நிபந்தனை. அதற்கு முந்தின வாரம், பொருள்களைப் பார்வையிட விழாக் குழுவிலிருந்து ஒரு ஆசிரியை எங்கள் பள்ளிக்கு வந்தார். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஸ்டெல்லா செய்ததன் முன் நின்றுவிட்டார்.

ஸ்டெல்லா கிள்ளையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பெண். அப்பா அந்தத் தடத்தில் மினிபஸ் டிரைவர், அம்மாவுக்கு அங்கன்வாடியில் வேலை. அவள் கறுப்பு மெழுகை மூன்று புரியாக உருட்டி, திரியைச் சுற்றிச் சடை பின்னுவது போலப் பின்னியிருந்தாள். பின்னலுக்கு நடுநடுவே அரிசி அளவில் வெள்ளை மல்லிகை மொட்டுகள். நுனியில் ஒரு சிவப்பு ரிப்பன் குஞ்சம். கையில் பிடிக்க வாகாக நீளமாக இருந்தது.

"தொடக்க விழாவுல குத்துவிளக்கு ஏத்த இதையே வச்சுக்கலாமே" என்றார் வந்த ஆசிரியை.

நம் விழாக்களில் குத்துவிளக்கை நேராகத் தீக்குச்சியால் ஏற்றமாட்டார்கள் என்பது தெரியும் அல்லவா? ஒரு மெழுகுவர்த்தியைப் பொருத்தி, சிறப்பு விருந்தினரிடம் கொடுத்து, அவர் ஒரு முகம் ஏற்றி அடுத்தவரிடம் கொடுத்து, அப்படியே கை மாறிப் போகும். எல்லோர் கண்ணும், எல்லோர் கேமராவும் அந்த மெழுகுவர்த்தி மேல்தான் இருக்கும். ஸ்டெல்லாவின் அப்பா வாய் சும்மா இருக்குமா? மினிபஸ்ஸில் ஏறி இறங்கின எல்லோருக்கும் சேதி போய்விட்டது.

விழா அன்று காலை சிதம்பரத்திலிருந்து கிளம்பினோம். மேடம், நான், ஏழெட்டுப் பிள்ளைகள். செருப்புக் கடை அட்டைப் பெட்டியில் சடை மெழுகுவர்த்தியைப் பஞ்சு வைத்துப் படுக்கப் போட்டு, கடலூர் போய்ச் சேருகிற வரைக்கும் ஸ்டெல்லா அதை மடியிலேயே வைத்திருந்தாள். மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் எங்கள் மேஜையில் மற்றதையெல்லாம் அடுக்கினோம். ஸ்டெல்லாவின் அப்பாவும் அம்மாவும் எங்களுக்கு முன்பே வந்து முன் வரிசையில் இடம் பிடித்திருந்தார்கள்.

சாமான் அறையில் நான் மேஜை விரிப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. ஜன்னல் இல்லாத அறை, கும்மிருட்டு. அந்தப் பள்ளியின் அட்டெண்டர், "டீச்சர், ஒங்க மெழுகுவத்தி ஒண்ணு குடுங்க" என்றார். உபரியாக இருந்ததில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். தீக்குச்சி கிழித்து வைத்தார். படபடவென்று பொரிந்தது. பொறி தெறித்து அணைந்தது. மறுபடி பற்ற வைத்தார். மறுபடி அதேதான்.

"என்னா டீச்சர், மெழுகுவத்தி கேட்டா பட்டாசு குடுக்கிறீங்க?" என்று சிரித்தார்.

இன்னொன்று கொடுத்தேன். அதுவும் பொரிந்து அணைந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பருவம் முழுக்க வெந்நீரில் போட்டுப் பிசைந்திருக்கிறோம். திரி தண்ணீர் குடித்து, அதன் மேல் மெழுகு மூடிக்கொண்டது. அது எப்படிக் காயும்? எப்படி எரியும்? மண்டபத்தில் ஜெனரேட்டர் போட்டு மைக் டெஸ்ட் செய்துகொண்டிருந்தார்கள். விருந்தினர் வண்டி வந்துவிட்டது என்று யாரோ ஓடினார்கள். இன்னும் சற்று நேரத்தில், கிள்ளையிலிருந்து வந்த அப்பா அம்மா முன்னால், அந்தப் பெண்ணின் மெழுகுவர்த்தி பொரிந்து அணையப் போகிறது. மங்கல விளக்கு ஏற்றும் நேரத்தில் தீ அணைந்தால் நம் ஜனங்கள் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் கைப்பையில் ஒரு கடை மெழுகுவர்த்தி இருந்தது. மின்வெட்டுக் காலத்தில் எல்லோர் பையிலும் இருக்கும். அதன் மேல் நாலு மல்லிகை மொட்டை ஒட்டி, ரிப்பனைச் சுற்றி மேடைக்கு அனுப்பிவிடலாம். தூரத்திலிருந்து யாருக்கும் தெரியாது. ஸ்டெல்லாவுக்கு மட்டும் தெரியும்.

புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு இந்த மாதிரி சமயம் கட்டாயம் வரும். பிள்ளை செய்தது சரியாக வராது, நேரம் இருக்காது, நாமே நைசாகச் சரிசெய்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். கோணலாக வந்த பொம்மையை, பிள்ளை வீட்டுக்குப் போன பிறகு நிமிர்த்தி வைக்கிற டீச்சர்களை எனக்குத் தெரியும். மறுநாள் அந்தப் பிள்ளை அதைப் பார்த்து ஒன்றும் பேசாது. ஆனால் அதன் பிறகு அது தன்னுடையது என்று யாரிடமும் காட்டாது. இதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதனால் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன்.

"நம்ம மெழுகுவத்தி எதுவும் எரியல ஸ்டெல்லா. தண்ணியில போட்டுப் பெசஞ்சோம் இல்ல, திரி ஈரமா இருக்குது. ஏத்துனா படபடன்னு வெடிச்சு அணைஞ்சிடுது."

"என்னோடதுமா டீச்சர்?"

"உன்னோடதும் அப்பிடித்தான் இருக்கும்."

அவள் பெட்டியைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"பையில கடை மெழுகுவத்தி இருக்குது. அதையே வச்சிடலாம், ஒரு வம்பும் இல்ல. இல்லன்னா ஒன்னோடதுல கம்பியைக் காய வச்சு விட்டு, பழைய திரியை எடுத்துட்டு, கடை மெழுகுவத்தியோட திரியைச் சொருகிப் பாக்கலாம். எரியும்னு சத்தியம் பண்ண மாட்டேன். நாங்க கை வச்சா பரிசும் கிடையாது. நீயே சொல்லு."

"மாத்திப் பாக்கலாம் டீச்சர்" என்றாள் உடனே. "பரிசு இல்லன்னா போவுது. எரியலன்னாதான் எங்கப்பாவுக்குக் கஷ்டமா போயிடும்."

கம்பியைக் காய்ச்ச நெருப்பு வேண்டும். நானே சத்தமில்லாமல் பின்பக்கம் போய் வேலையை முடித்திருக்கலாம். மேடம் அப்போது மண்டபத்து வாசலில் நின்று, வெளியே போகும் கதவுகள் திறந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தார். எந்த ஊர் மண்டபத்துக்குப் போனாலும் அவர் முதலில் செய்கிற வேலை அது. அந்த மனுஷிக்குத் தெரியாமல் அவருடைய பள்ளிப் பிள்ளை பக்கத்தில் தீக்குச்சி கிழிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. போய் விஷயத்தைச் சொன்னேன்.

"தீயா? இத்தினி புள்ளைங்க இருக்கிற எடத்துலயா?"

"உள்ள இல்ல மேடம். பின்னாடி குழாயடியில. நாலு நிமிஷம் போதும்."

"எல்லாம் எரிஞ்சு முடியவும் நாலு நிமிஷம் போதும்மா" என்றார் மேடம். அவர் குரல் அவ்வளவு சன்னமாகி நான் கேட்டதே இல்லை.  "கடை மெழுகுவத்தியை வச்சிடுங்க டீச்சர். எதுக்கு வம்பு?"

ஸ்டெல்லா என் பின்னால் வந்து நின்றிருந்தாள். பெட்டியைத் திறந்து மேடத்திடம் நீட்டினாள். கெஞ்சவில்லை, செய்ததைக் காட்டினாள், அவ்வளவுதான். மேடம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒவ்வொரு மொட்டாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

பிறகு அவருடைய வழக்கமான குரல் திரும்பி வந்தது. "தலை ரிப்பனை அவுத்து ஒன் சடையை மடிச்சுக் கட்டுடி, தீ பக்கத்துல தொங்கக் கூடாது. டீச்சர், பக்கெட்ல மண்ணு அள்ளி வைங்க. மத்த புள்ளைங்க ஒருத்தரும் அந்தப் பக்கம் வரக் கூடாது. தீப்பெட்டி யாருகிட்ட இருக்குது? என்கிட்ட குடுங்க."

குழாயடியில் மூன்று பேர் குந்தினோம். சைக்கிள் நிறுத்துமிடத்தில் கிடந்த சக்கரத்துப் போக்ஸ் கம்பி ஒன்றை அட்டெண்டர் கொண்டுவந்து கொடுத்தார். முதல் குச்சி மேடத்தின் கையில் உடைந்தது. அடுத்தது பற்றியதும் காற்றில் அணைந்தது.  ஸ்டெல்லா நகர்ந்து காற்று வரும் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். அடுத்த குச்சியில் என் கடை மெழுகுவர்த்தி பற்றியது. கம்பியைக் காய வைத்து, சடையின் நடுவே ஒரு விரல் ஆழத்துக்குக் குழி போட்டு, ஈரத் திரியின் அந்தத் துண்டை நான் வெளியே எடுத்தேன். மெழுகுவர்த்தியை ஊதி அணைத்ததும் மேடமே தீக்குச்சிகளை மண்ணில் புதைத்தார். கடை மெழுகுவர்த்தியை உடைத்து, உள்ளே இருந்த திரியை ஸ்டெல்லா எடுத்துச் சொருகி, இளகியிருந்த மெழுகை விரலால் அழுத்தி மூடினாள்.

ஏற்றிப் பார்ப்பதற்குள் மைக்கில் எங்கள் பள்ளியின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்தது. விளக்கு ஏற்றுவதற்காக மேடை ஃபேனை நிறுத்தினார்கள். சிறப்பு விருந்தினர் கல்வித்துறை அதிகாரி. செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். ஸ்டெல்லா இரண்டு கையாலும் மெழுகுவர்த்தியை நீட்ட, யாரோ தீக்குச்சி வைத்தார்கள். பற்றியது. அதிகாரி அதை வாங்கிக் குனிந்தபோது 'பட்' என்று ஒரு சத்தம். மேடம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வளையல் அழுந்தியது. சுடர் ஒருமுறை சுருங்கி மறுபடி நிமிர்ந்தது. முதல் முகம் ஏறியது. கை மாறியது. இரண்டாவது முகம், மூன்றாவது முகம். கடைசி முகமும் ஏறி முடிந்தது.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அதிகாரிக்கு அதைக் கீழே வைக்க மனசில்லை. எரிகிற மெழுகுவர்த்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மைக்கை ஸ்டெல்லா பக்கம் திருப்பினார்.

"ரொம்ப அழகா இருக்குதேம்மா. முழுசும் நீயே செஞ்சதா?"

பரிசு கொடுப்பவர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஆமாம் சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"பின்னுனது நான் சார். பூ வச்சதும் நான்தான்" என்றாள் ஸ்டெல்லா. "திரி கடை மெழுகுவத்தியிலேருந்து எடுத்தது. குழி போட்டது எங்க கிராஃப்ட் டீச்சர். தீக்குச்சி கிழிச்சது எங்க எச்.எம். மேடம்."

மண்டபம் சிரித்தது. அதிகாரி மேடை ஓரம் திரும்பி, "மேடம், நீங்களா? தீக்குச்சியா?" என்று வாய் பிளந்தார். சாரணர் முகாமில் நெருப்பு மூட்டக் கூடாது என்று அவரிடமே மேடம் சண்டை போட்டிருக்கிறார். அவர் வாய் பிளந்ததைப் பார்த்து எல்லோரும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். தன் மெழுகுவர்த்தியைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று ஸ்டெல்லா நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. மைக்குக்கு எட்டி நின்று சொன்னாள்:

"ஆனா எரியுது சார்."

முன் வரிசையில் அவள் அப்பா எழுந்து நின்று கைதட்டினார். அவருக்குப் பின்னால் மண்டபமே தட்டியது. நான் கௌரவம் பார்க்காமல் அழுதேன். உண்மையைச் சொன்னால் ஒரு பிள்ளை தாங்கிக்கொள்ளுமோ என்று அன்று காலை யோசித்தேனே, அது எவ்வளவு தாங்கும் என்று அங்கே நின்று பார்த்தேன். பரிசு திட்டக்குடியிலிருந்து வந்த பள்ளியின் மண் பொம்மைக்குப் போனது, நியாயமாகத்தான். "எம் பொண்ணுக்கு வீட்லயும் இப்பிடித்தான், எதையும் மறைக்கத் தெரியாது" என்று அவள் அம்மா என்னிடம் குறைபட்டுக்கொண்டார். அந்தக் குறையில் எவ்வளவு பெருமை இருந்தது என்று எனக்குத் தெரியாதா?

அடுத்த வாரம் மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "எரிச்சுப் பாக்காம மெழுகுவத்தி செய்யச் சொல்லிக் குடுத்தா அது என்னா பாடம்?" என்று என்னைத்தான் திட்டினார். தடை போட்டவர் தான்தான் என்கிற நினைப்பே அந்த முகத்தில் இல்லை. பிறகு, வெட்டவெளியில், ஒரே ஒரு ஸ்டவ், பக்கத்தில் மண் வாளி என்று அனுமதி கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வகுப்பு. வேப்ப மரத்தைத் தாண்டி வெட்டவெளியில் ஸ்டவ்வைப் பற்ற வைத்தபோது மேடம் ஒரு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். ஸ்டவ்வுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டார். அடுத்த வெள்ளியும் வந்தார். அதற்கடுத்த வெள்ளியும். ஆபீசில் ஃபைல்கள் குவிந்து கிடக்கும், கிளார்க் வந்து வந்து எட்டிப் பார்ப்பார். எனக்கே சங்கடமாகப் போய், "நீங்க போய் ஒங்க வேலையைப் பாருங்க மேடம், இங்க நான் இருக்கேன்" என்றேன்.

அவர் தீயிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "இதாம்மா என் வேலை."